மூங்கிலுக்கு நான்கு கட்டு: ஒரு ஷாக்குஹாச்சியைப் பழுதுபார்த்த பதிவு

ஜனவரி இரண்டாம் வாரம், ஒரு சனிக்கிழமை. டோக்கியோவில் நிஷிகசாய் பக்கம் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தின் மூன்றாம் மாடி அம்மா கையில் நீளமான துணிப்பையோடு எங்கள் வாசலில் நின்றார். எண்பது வயதைத் தாண்டியவர், தனியாக இருக்கிறார். "என் கணவர் வாசித்தது. அவர் போய் ஆறு வருடமாகிறது. நீங்கள் பாடம் கற்றுக்கொள்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். இதில் சத்தம் வருகிறதா என்று பார்த்துச் சொல்ல முடியுமா?" என்றார்.

பைக்குள் ஷாக்குஹாச்சி என்ற ஜப்பானிய மூங்கில் குழல் இருந்தது. இரண்டு துண்டாகக் கழற்றி மாட்டும் வகை. மாட்டி நிறுத்தினால் 54.5 சென்டிமீட்டர். பெயரே அந்த அளவுதான். பழைய ஜப்பானிய நீள அளவில் ஒரு ஷாக்கு, எட்டு சுன். ஹாச்சி என்றால் எட்டு. மதாக்கே என்ற மூங்கிலின் அடிப்பகுதியை வேரோடு தோண்டி எடுத்துச் செய்வார்கள். வேர் அறுபட்ட புள்ளிகள் அடிமுனையில் வட்டம் வட்டமாகத் தெரியும். கணுக்களை எண்ணினேன், ஏழு. முன்னால் நான்கு துளை, பின்னால் கட்டைவிரலுக்கு ஒன்று. உள்ளே சிவப்பு அரக்குப் பூச்சு. மேல்முனையைச் சாய்வாகச் சீவி, அந்த விளிம்பில் எருமைக் கொம்புத் துண்டு ஒன்றைப் பதித்திருந்தார்கள். அதன் வடிவத்தைப் பார்த்தாலே எந்த மரபு என்று தெரிந்துவிடும். பிறை வடிவமென்றால் தோசான், கோணல் பட்டையாக இருந்தால் கின்கோ. இது கின்கோ. நான் கற்றுக்கொள்வதும் அதே மரபு என்பதால் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

உதட்டில் வைத்து ஊதினேன். காற்று மட்டும்தான் வந்தது.

எல்லாத் துளைகளையும் மூடி ஊதும் கீழ்ச்சுரத்தை "ரோ" என்பார்கள். நம் ஊர்க் கணக்கில் இரண்டு கட்டை ஷட்ஜம். அங்கிருந்து துளைகளை ஒவ்வொன்றாகத் திறந்தால் ரோ, ட்சு, ரே, ச்சி, ரி என்று ஐந்து சுரம். ரோவை ச என்று வைத்துக்கொண்டால் ச க ம ப நி, நமக்குப் பழகிய சுத்த தன்யாசி. முதல் பாடத்தில் இதைக் கண்டுகொண்ட அன்று நான் வீடு வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே நடந்தேன். இந்தக் குழலில் ரி வந்தது, ச்சி வந்தது. விரலை மூட மூடச் சுரம் நலிந்துகொண்டே போய், ரோவுக்கு வரும்போது அடியோடு செத்துவிட்டது. அழுத்தி ஊதினால் சட்டென்று மேல் ஸ்தாயிக்குத் தாவியது. எங்கோ கசிகிறது என்பதற்கு இதுதான் அடையாளம். குழலின் மேல்பாதியில் காற்று கசிந்தால் அந்த ஓட்டை திறந்திருக்கும் ஒரு துளையைப் போல வேலை செய்யும். கீழ்ச்சுரத்துக்குக் குழலின் முழு நீளக் காற்றும் ஒன்றாக அதிர வேண்டும். நடுவில் அது அறுந்துபோகிறது.

அன்று இரவு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, கைபேசியின் டார்ச்சை மேல்துண்டின் அடியில் வைத்துப் பார்த்தேன். வலப்பக்கத்தில் முடி கனத்துக்கு ஒரு ஒளிக்கோடு. ஒரு கணுவின் மேலே தொடங்கி, கணுவைக் குறுக்கே கடந்து, கட்டைவிரல் துளைக்குக் கொஞ்சம் முன்னால் முடிந்தது. அளந்தால் 14 சென்டிமீட்டர். நடுப்பகுதியில் சாதாரண ஏ4 தாளின் ஓரம் தடையில்லாமல் உள்ளே போனது, மூன்றாக மடித்தாலும் போனது. ஒரு உறுதிக்காக, சமையலறையில் பாத்திரம் மூடும் மெல்லிய பிளாஸ்டிக் உறையை அந்த இடத்தில் இறுக்கிச் சுற்றி ஊதினேன். ரோ வந்தது! நடுங்கிக்கொண்டு வந்தாலும் வந்துவிட்டது. கோளாறு விரிசல் ஒன்றுதான் என்பது தெளிவானது.

மூங்கில் ஏன் வெடிக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், பழுதுபார்க்கும் முறை முழுவதும் அதை ஒட்டியே போகிறது. மூங்கிலின் நார் எல்லாம் நீளவாக்கில் ஓடுகிறது. குறுக்கே பிடித்து நிறுத்த அதில் எதுவும் கிடையாது. டோக்கியோவில் குளிர்காலம் வறண்ட காலம். வீட்டுக்குள் ஹீட்டர் ஓடினால் என் அறை ஈரமானியில் 27 சதவீதம் காட்டுகிறது. வெளித்தோல் காய்ந்து சுருங்குகிறது, உள்ளேயோ ஊதும் மூச்சின் ஈரம். வெளியே சுருங்க இழுப்பு, உள்ளே ஊறிய விரிவு, இரண்டுக்கும் நடுவில் நார் பிளந்துவிடுகிறது. மூச்சின் ஈரம் இல்லாவிட்டாலும் வறட்சி மட்டுமே போதும்; ஆறு வருடம் ஒருவர் மூச்சும் படாமல் ஹீட்டர் அறை அலமாரியில் கிடந்த குழல் இது.

இந்த இடத்தில் எனக்கு நாராவின் ஷோசோயின் கருவூலம் நினைவுக்கு வரும். 756-இல் மறைந்த பேரரசர் ஷோமுவின் உடைமைகளைப் பேரரசி கோம்யோ தோதாய்ஜி கோயிலுக்குக் காணிக்கையாகக் கொடுத்தார். அங்கே எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஷாக்குஹாச்சிகள் எட்டு இருக்கின்றன. மூங்கிலில் செய்தவை உண்டு, தந்தத்திலும் கல்லிலும் கடைந்தவையும் உண்டு. இன்றைய குழலைவிடக் குட்டையானவை, துளை ஆறு. 1,200 வருடங்களுக்கு மேல் தப்பிப் பிழைத்திருக்கின்றன. இருபதாம் நூற்றாண்டில் புதுக் கட்டடத்துக்கு மாற்றும்வரை அவை இருந்தது உயரத்தில் தூக்கிக் கட்டிய மரக் கட்டடம், அதற்குள் சுகி என்ற ஜப்பானிய ஊசியிலை மரப் பெட்டிகள். வெளியே ஈரம் எவ்வளவு ஏறி இறங்கினாலும் பெட்டிக்குள் அது மெதுவாகத்தான் மாறும். மூங்கிலுக்கு வேண்டியது அந்த நிதானம்தான். (அந்தத் தோதாய்ஜியின் பெரிய புத்தருக்கு 752-இல் கண் திறந்து வைத்தவர் இந்தியாவிலிருந்து போன போதிசேனர் என்ற துறவி. தென்னாட்டுக்காரர் என்று சொல்வார்கள். ஷோசோயின் பொருட்களைப் படிக்கும்போதெல்லாம் அவர் நினைவு வந்துவிடும்.)

குழலில் கை வைப்பதற்கு முன் என் ஆசிரியரிடம் எடுத்துப் போனேன். இதை அழுத்திச் சொல்லுகிறேன். பெயர்பெற்ற கைவினைஞரின் முத்திரை சூடு போட்டிருக்கும் குழலாக இருந்தால் நாம் தொடவே கூடாது. செய்தவரிடமோ, அவருடைய சீடர்களிடமோதான் கொடுக்க வேண்டும். ஆசிரியர் முத்திரையைப் பார்த்தார், உள்ளே கண்ணை வைத்துப் பார்த்தார். மாணவர் வாசிக்கும் தரத்தில் செய்த நல்ல குழல், நீங்களே செய்யலாம் என்றார். கைதேர்ந்தவர்கள் விரிசலுக்கு மேல் குழலைச் சுற்றி அரை மில்லிமீட்டர் அளவுக்குப் பள்ளம் எடுத்து, அதற்குள் நூலைப் புதைத்து, மேலே பூசி, தோலோடு தோலாக மறைத்துவிடுவார்கள். தடவினாலும் தெரியாது. அந்தப் பள்ளத்தை ஒருமுறை வெட்டினால் வெட்டியதுதான். நான் பள்ளம் வெட்டவில்லை. மேற்பரப்பிலேயே சுற்றும் கட்டு, பின்னாளில் யாராவது தேர்ந்தவர் வேறு மாதிரிச் செய்ய நினைத்தால் அவிழ்த்துவிடலாம்.

முதல் வேலை, மூங்கிலுக்கு ஈரம் ஊட்டுவது. விரிந்து நிற்கும் விரிசலுக்குள் பசையையும் மூங்கில் தூளையும் அடைத்துவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆசிரியர் தடுத்தார். மழைக்காலத்தில் மூங்கில் ஊறி விரியும்போது அடைத்த தூள் நடுவில் ஆப்பு போல நிற்கும். விறகு பிளக்க அடிக்கும் ஆப்பு என்ன செய்யுமோ அதையேதான் செய்யும், 14 சென்டிமீட்டர் விரிசலை 20 ஆக்கிவிடும். ஆகவே விரிசல் முதலில் தானாக மூட வேண்டும். ஜிப் வைத்த பெரிய பிளாஸ்டிக் பையில் குழலை வைத்து, நனைத்துப் பிழிந்த துணியை ஒரு சிறு டப்பாவில் போட்டுக் கூடவே வைத்தேன். துணி மூங்கிலில் படக்கூடாது, பட்டால் கறை பிடிக்கும், பூஞ்சை வரும். உள்ளே ஈரமானியும் வைத்தேன். முதல் நாள் 45, மூன்றாம் நாளிலிருந்து 65 சதவீதம். தினமும் ஒருமுறை திறந்து காற்றாட விட்டு மூடினேன். ஆறாம் நாள் காலை ஏ4 தாளின் ஓரத்தை வைத்துப் பார்த்தேன், உள்ளே போகவில்லை. தாளைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு அலுவலகத்துக்குத் தாமதமாகப் போனேன்.

அடுத்து இறுக்கிப் பிடிப்பது. சமையல் கேஸ் டியூபை இறுக்கும் வட்டக் கிளிப் ஐந்து வாங்கினேன். பழைய சைக்கிள் டியூபை வெட்டிப் பட்டையாக மூங்கிலைச் சுற்றி வைத்து, அதன்மேல் கிளிப்பைப் போட்டு, ஸ்க்ரூவை ஒரு நேரத்தில் கால் திருகு மட்டும் திருகினேன். ஒரே இடத்தில் இறுக்கினால் விரிசல் பக்கத்துக்கு ஓடும். ஐந்தையும் வரிசையாகக் கால் கால் திருகாக, கார் சக்கரத்தின் நட்டை முடுக்குவது போல மாறி மாறி. இறுகியதும் தண்ணீர் போல ஓடும் வகை உடனடிப் பசையைப் பல்குச்சி நுனியில் தொட்டு விரிசலின் மேல் வைத்தேன். கோட்டுக்குள் அது உறிஞ்சிக்கொண்டு ஓடுவது கண்ணுக்குத் தெரியும். வெளியே வழிந்ததை உடனே துடைக்க வேண்டும். பசையை நம்பி இந்தக் கட்டு நிற்கப்போவதில்லை, காற்று கசியாமல் அடைக்க மட்டும்தான் பசை. பிடித்து நிறுத்துவது நூல்.

நூலில்தான் நான் ஒருமுறை தோற்றேன். வீட்டில் இருந்த தடித்த தையல் நூலை இரட்டையாக்கி, குழலை மடியில் வைத்துக் கையால் இழுத்து இழுத்து முதல் கட்டைச் சுற்றினேன். பார்க்க அழகாகவே இருந்தது. குழலை இரவு முழுவதும் பைக்கு வெளியே வைத்துவிட்டேன். காலையில் நகத்தால் தள்ளினால் கட்டு மொத்தமும் வளையல் போல நகர்ந்தது. மூங்கில் ஒரு இரவில் அந்த அளவு சுருங்கியிருக்கிறது, நான் இழுத்த இழுப்பும் போதவில்லை. கத்தரிக்கோலால் அதை வெட்டி எடுத்தபோது வயிற்றைப் பிசைந்தது. அந்த அம்மாவின் குழல் என்பதுதான் காரணம். விரிசல் மறுபடி திறக்காதது என் அதிர்ஷ்டம், பசை பிடித்துக்கொண்டிருந்தது. மறுபடி மூன்று நாள் பைக்குள் வைத்தேன்.

ஆசிரியரிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "எங்கே கட்டி இழுத்தீர்கள்?" எங்கேயும் கட்டவில்லை என்றேன். "கையால் இழுக்காதீர்கள், உடம்பால் இழுங்கள்" என்றார்.

முறை இதுதான். முறுக்கிய நைலான் நூல், அரை மில்லிமீட்டர் கனம். ஒரு முனையைக் கதவுக் கைப்பிடியில் கட்டுங்கள் (கதவு பூட்டியிருக்கட்டும்). மறுமுனையைக் குழலில் ஒட்டி முதல் இரண்டு சுற்று போடுங்கள். பிறகு குழலை இரண்டு கையாலும் சப்பாத்திக் கட்டை போல மார்புக்கு நேரே பிடித்துக்கொண்டு, நூல் விறைத்து நிற்கும்வரை பின்னால் சாயுங்கள். உடம்பின் பாரம் நூலில் தொங்க வேண்டும். அந்தச் சாய்விலேயே குழலை உருட்டிக்கொண்டு கைப்பிடியை நோக்கி அங்குலம் அங்குலமாக நடங்கள். ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றை இடித்துக்கொண்டு படிய வேண்டும், மேலே ஏறக் கூடாது. பாதியைத் தாண்டியதும் வேறொரு சிறு நூலை மடித்து, அதன் வளைவு வெளியே தெரியும்படி கட்டின் மேல் படுக்க வைத்து, அதற்கும் மேலே சுற்றுங்கள். கடைசிச் சுற்று முடிந்ததும் நூலை வெட்டி, நுனியை அந்த வளைவுக்குள் விட்டு, மடிப்பு நூலின் இரு முனையையும் சேர்த்து இழுத்தால் நுனி கட்டுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். முடிச்சே இருக்காது. விரல் படும் இடத்தில் முடிச்சு இருந்தால் வாசிக்கவே முடியாது.

ஒரு கட்டுக்கு 16 சுற்று, அகலம் எட்டு மில்லிமீட்டர். விரிசலின் நீளத்துக்கு நான்கு கட்டு. இரண்டு கோடியிலும் விரிசல் முடியும் புள்ளிக்குக் கொஞ்சம் அப்பால் ஒவ்வொன்று, அதற்கு மேல் அது ஓடாமல் தடுக்க. கணுவின் மேல் கட்டக் கூடாது, அங்கே நூல் வழுக்கும். கணுவுக்கு இருபக்கமும் ஒவ்வொன்று. நான்கையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் போட்டு முடித்தேன். திங்களன்று வலது கை விரல்களில் நூல் பதிந்த கோடு அப்படியே இருந்தது. நகத்தால் தள்ளிப் பார்த்தேன், கல் போல நின்றது.

இனி பூச்சு. ஜப்பானில் இதற்கு உருஷி அரக்குதான் முறையான பொருள். உருஷி மரத்தைக் கீறி எடுக்கும் பால். குழலின் உட்பக்கமும் அதுதான், சாணைக்கல் தூளையோ ஜிப்சத்தையோ உருஷியில் குழைத்துப் பூசிப் பூசி, உட்துளையின் அகலத்தை இடத்துக்கு இடம் சரிசெய்வார்கள். உருஷி காய்வதற்கு வெயில் உதவாது. இளஞ்சூடும் 70, 80 சதவீத ஈரமும் இருந்தால்தான் அது இறுகும். கைவினைக் கடையில் சிறு குழாயில் கிடைத்தது, வாங்கினேன். கையுறை போட்டுத்தான் திறந்தேன். எப்படியோ மணிக்கட்டில் ஒரு துளி பட்டிருக்கிறது. இரண்டாம் நாள் சிவந்தது, மூன்றாம் நாள் கொப்பளம். பத்து நாள் தூக்கமில்லை, அவ்வளவு அரிப்பு.

அந்த வாரம் பண்ருட்டிக்கு வீடியோ அழைப்பில் பேசும்போது அம்மா என் கையைப் பார்த்துவிட்டார். "என்னடி இது, கொட்டை எண்ணெய் பட்ட மாதிரி இருக்கு?"

கல்யாணத்துக்கு முன் பல வருடம் முந்திரிக் கொட்டை உடைத்தவர் அம்மா. வறுத்த கொட்டையைக் கல்லில் வைத்து மரக்கட்டையால் தட்டி உடைக்கும்போது ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் விரலை வெந்துபோகச் செய்யும். அதற்காகச் சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைப்பார்கள். அம்மாவின் கட்டைவிரல் தோல் இன்றும் அந்தக் கறுப்போடுதான் இருக்கிறது. படித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அம்மா சொன்னது எவ்வளவு சரி என்று. உருஷி மரமும் முந்திரியும் மாவும் ஒரே குடும்பம். உருஷியில் தோலைப் புண்ணாக்கும் பொருளும், முந்திரி ஓட்டு எண்ணெயில் இருப்பதும் நெருங்கிய உறவு. இன்னொன்றும் தெரிந்தது. உருஷிக்கு மாற்றாக ஜப்பானில் பல பத்தாண்டுகளாகப் புழங்கும் பூச்சு ஒன்று இருக்கிறது, பெயர் "காஷூ". முந்திரியின் பெயர்தான். ஓட்டு எண்ணெயிலிருந்து செய்கிறார்கள். காய்ந்தால் உருஷியின் பளபளப்பு, ஈரப் பெட்டி தேவையில்லை, சாதாரணக் காற்றில் காயும். இக்காலத்துக் குழல் செய்பவர்களில் நிறையப் பேர் உட்பூச்சுக்கே இதைத்தான் எடுக்கிறார்கள்.

டப்பாவை வாங்கி வந்து திறந்ததும் தின்னர் வாடை அடித்தது, அதற்கு அடியில் எனக்குத் தெரிந்த வேறொரு வாடை இருந்ததாகத்தான் இன்றும் நம்புகிறேன். அம்மாவிடம் டப்பாவைக் காட்டினேன். நாங்கள் சாம்பல் தொட்டு உடைத்த கொட்டையின் ஓடு அங்கே குழலுக்குப் பூச்சாகிறதா என்று இரண்டு முறை கேட்டார். ஆமாம் என்றேன். பிறகு அவரே, "கையுறை போட்டுக்கடி, முழங்கை வரைக்கும்" என்றார்.

கறுப்புக் காஷூ, மெல்லிய தூரிகையில் நான்கு பூச்சு. பூச்சுக்குப் பூச்சு ஒரு நாள் இடைவெளி, நடுவில் 1000-ஆம் எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து ஒரு தேய்ப்பு. நூலின் வரிகள் முதல் பூச்சில் நன்றாகத் தெரிந்தன, நான்காவதில் மெல்லிய அலை போல மட்டும் மிஞ்சின.

உட்பக்கத்தில் விரிசல் அரக்கையும் பிளந்திருந்தது. அங்கே ஒரு நீளக் குச்சியின் நுனியில் பஞ்சு சுற்றி, கோட்டின் மேல் மட்டும் ஒரே ஒரு மெல்லிய பூச்சு கொடுத்தேன். இதில் கை கனத்தால் சுருதியே கெட்டுவிடும். உள்ளே எந்த இடத்தில் எவ்வளவு தடிமன் என்பதில்தான் இந்தக் குழலின் குரல் இருக்கிறது. குழல் செய்பவர்கள் செய்தித்தாளைச் சின்னச் சின்னதாகக் கிழித்து, நனைத்து, உட்துளையில் ஓரோர் இடமாக ஒட்டி ஊதிப் பார்ப்பார்கள். ஒரு இடத்தில் ஒட்டினால் ஏதோ ஒரு சுரம் திறக்கும், இன்னொரு சுரம் அடைபடும். சரியான இடம் கிடைத்ததும் காகிதத்தை எடுத்துவிட்டு அதே கனத்துக்கு அரக்கு வைப்பார்கள். ஆசிரியர் செய்து காட்டினார். நகத்தளவு ஈரக் காகிதம் ஒன்று ரோவை எப்படி மாற்றுகிறது என்று காதால் கேட்டால்தான் நம்ப முடியும்.

வாடை அடங்க மூன்று வாரம் விட்டுவைத்தேன். அந்த நாட்களில் மாடி அம்மாவிடம் போய் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வருவேன். தேநீர் ஊற்றிக் கொடுப்பார். அறையின் ஓரத்தில் ஆளுயரத்துக்கு மேல் நீளமாகத் துணி உறை போட்டு ஏதோ சாய்த்து வைத்திருந்தது. கோத்தோ என்றார். பவுலோனியா மரத்தில் குடைந்து 13 தந்தி கட்டிய வாத்தியம். அவர் கோத்தோ, கணவர் ஷாக்குஹாச்சி. புத்தாண்டு வந்தால் இருவரும் சேர்ந்து "ஹாரு நோ உமி" வாசிப்பார்களாம். சிறுவயதிலேயே பார்வை இழந்த மியாகி மிச்சியோ 1929-இல் எழுதிய இசை. ஜனவரியில் இங்கே எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் காதில் விழும். பெயருக்கு வசந்தத்தின் கடல் என்று பொருள்.

இந்த இரண்டு வாத்தியங்களும் ஒரே அறையில் உட்கார்ந்ததற்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. எடோ காலத்தில் (1603–1868) ஷாக்குஹாச்சியை வாத்தியமாகவே கருதவில்லை. அது ஃபுக்கே என்ற ஜென் பிரிவுத் துறவிகளின் வழிபாட்டுக் கருவி. அந்தத் துறவிகளுக்குக் கொமுசோ என்று பெயர். தலையிலிருந்து தாடை வரை முகத்தை மூடும் கோரைக்கூடையைக் கவிழ்த்துக்கொண்டு, ஊர் ஊராகக் குழலூதிப் பிச்சை எடுத்து நடப்பார்கள். சாமுராய் குலத்து ஆண்கள் மட்டுமே சேர முடியும். ஊதுவதே தியானம், அதற்கு சுய்சென் என்று பெயர். கோத்தோவும், ஷாமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியமும் வேறொரு வேலிக்குள் இருந்தன. பார்வையற்ற ஆண் கலைஞர்களின் தோதோசா என்ற சங்கத்துக்கு அவற்றைக் கற்பிக்கும் உரிமை இருந்தது. 1871-இல், எடோ ஆட்சிக்குப் பின் வந்த மேய்ஜி அரசு ஃபுக்கே பிரிவைக் கலைத்தது. அதே வருடம் தோதோசாவையும் கலைத்தது. இரண்டு தரப்புக்கும் அது பிழைப்பில் விழுந்த அடி. கோயிலை இழந்த குழல்காரர்கள் ஆசிரியர்களாகவும் கச்சேரிக்காரர்களாகவும் மாறினார்கள். கோத்தோ, ஷாமிசென், ஷாக்குஹாச்சி சேர்ந்து வாசிக்கும் சங்க்கியோக்கு என்ற மூவர் இசை வீட்டுக்கு வீடு பரவியது அதற்குப் பிறகுதான். அந்த அம்மா தன் கணவரோடு வாசித்ததும், பெண்ணாகப் பிறந்த நான் இந்தக் குழலைக் கையில் எடுக்க முடிவதும் அந்த வருடத்தின் தொடர்ச்சி.

துறவிகளின் பண்கள் அழிந்துபோகவில்லை. கொமுசோவாக இருந்த குரோசாவா கின்கோ (1710–1771) பல கோயில்களில் அலைந்து பண்களைத் திரட்டினார். அவர் வழிவந்த எங்கள் மரபில் ஹொன்கியோக்கு எனப்படும் மூலப் பண்கள் 36. அதில் ஒன்று நாரைகள் கூடு கட்டிக் குஞ்சு வளர்ப்பதைச் சொல்வது. கொரோ யமாகுச்சி அதை ஊதிய பதிவு 1977-இல் வாயேஜர் விண்கலங்களின் பொன் தட்டில் ஏறிப் போனது.

மார்ச் முதல் சனிக்கிழமை. மேல்துண்டை எடுத்துச் சோதித்தேன். துளையை டேப்பால் மூடி, அடியை உள்ளங்கையால் பொத்தி, மேலே வாயை வைத்து உறிஞ்சினேன். நாக்கு நுனியை அந்த வெற்றிடம் இழுத்துப் பிடித்தது. பத்து எண்ணும்வரை விடவில்லை. விளக்கணைத்து டார்ச் வைத்துப் பார்த்தேன், ஒளிக்கோடு இல்லை.

இரண்டு துண்டையும் மாட்டிக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போனேன். குளிர்ந்த குழலில் சுருதி இறங்கி நிற்கும், ஆகவே கொஞ்ச நேரம் சும்மா மூச்சை மட்டும் உள்ளே விட்டுச் சூடேற்றினேன். பிறகு ரோ. முதல் ஊதலில் அது சொரசொரவென்று வந்தது, இரண்டாவதில் நின்றது. வயிற்றிலிருந்து மூச்சு தீரும்வரை நின்றது. கட்டுக்கு அடியில் மூங்கில் அதிர்வது என் வலது கட்டைவிரலுக்குத் தெரிந்தது. சுருதிமானி 293-ஐ ஒட்டிக் காட்டியது, அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

கண்ணைத் திறந்தபோது அம்மா எதிரில் இல்லை. அறை ஓரத்தில் துணி உறையின் நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார். கோத்தோவைத் தரையில் இறக்க நான் ஒரு பக்கம் பிடித்தேன். ஒரு சிறு பெட்டியிலிருந்து தந்தித் தாங்கிகளை எடுத்து ஒவ்வொன்றாகத் தந்திக்கு அடியில் நிறுத்தினார். விரல் நடுங்கியதால் இரண்டு முறை சாய்ந்தன. உதவவா என்றேன், வேண்டாம் என்று தலையசைத்தார்.

"இன்னொரு தடவை ரோ கொடுங்கள்" என்றார். மூங்கில் தன் சுருதியை மாற்றிக்கொள்ளாது, கோத்தோதான் அதோடு சேர வேண்டும்.

ஊதினேன். முதல் தந்தியை மீட்டிக்கொண்டே தாங்கியை நெல்மணியளவு இடப்பக்கம் தள்ளினார், கேட்டார், மறுபடி பாதியளவு வலப்பக்கம் கொண்டுவந்தார். இரண்டு ஒலியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அவர் தலையை நிமிர்த்தவில்லை. கை இரண்டாம் தந்திக்குப் போனது.